டெலிகிராமில் தண்ணீர் கேன் ஆர்டர் எடுக்கும் பாட்: முதல்முறை எழுதுகிறவர்களுக்கு

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிறவருக்காக ஆர்டர் எடுத்துக் கொடுக்கும் பாட் (செய்திகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல்) ஒன்றை எழுதுவோம். எத்தனை கேன், எந்த வீடு, சரிதானா என்று அது மூன்று கேள்வி கேட்கும். பதிலைக் குறித்துக்கொண்டு கடைக்காரருக்குத் தகவல் அனுப்பும். கேனுக்குப் பதில் டிபன், டியூஷன் வருகைப்பதிவு, அன்னதான முன்பதிவு என எதை வைத்தாலும் எலும்புக்கூடு இதேதான். செயற்கை நுண்ணறிவு எதுவும் இதில் இல்லை. மூன்று கேள்விக்கு அது தேவையும் இல்லை.

பைத்தானில் இஃப், வைல், டிக்‌ஷனரி தெரிந்தால் போதும். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலித்தபடி தமிழில் தந்திருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

டெலிகிராமில் பாட் வைத்துக்கொள்ளக் கட்டணம் கிடையாது. ஆதார், ஜிஎஸ்டி என எந்த ஆவணமும் கேட்க மாட்டார்கள். டெலிகிராம் கணக்குள்ள ஒரு மொபைல் எண் இருந்தால் போதும். அந்த எண் யாருடையது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எந்தக் கணக்கிலிருந்து பாட்டைப் பதிவு செய்கிறீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் அது சொந்தம். கடைக்காரருக்காகச் செய்வதென்றால் அவர் போனிலிருந்தே பதிவு செய்வது நல்லது.

எழுதிப் பார்க்கும்வரை உங்கள் லேப்டாப்பே போதும். 24 மணி நேரமும் ஓட வேண்டுமென்றால் ஒரு சிறிய வாடகை சர்வர் தேவை. இந்த பாட்டுக்கு 512 எம்பி நினைவகமே தாராளம். அந்த அளவு சர்வர்கள் மாதம் 4 முதல் 6 டாலருக்குக் கிடைக்கின்றன, வரி தனி. பணம் கட்டும் இடத்தில்தான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2020 உத்தரவுக்குப் பிறகு வரும் டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்கிவிட்டு, மாதச் செலவு வரம்பையும் சிறியதாக வைத்துவிட்டு அப்புறம் கார்டு எண்ணைக் கொடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் ராஸ்பெர்ரி பை இருந்தால் அதுவும் ஆகும்; கரண்ட் போனால் ஆர்டர் நிற்கும், அவ்வளவுதான்.

நேரக் கணக்கு: பதிவு 5 நிமிடம், முதல் பதில் வரவழைக்க ஒரு மாலை, ஆர்டர் எடுக்கும் அளவுக்குக் கொண்டுவர மூன்று நான்கு மாலை, சர்வரில் ஏற்றி நிலைநிறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

2. பாட்ஃபாதரிடம் பதிவு

டெலிகிராம் தேடலில் பாட்ஃபாதர் என்று தேடுங்கள். பாட்களைப் பதிவு செய்வதற்கென டெலிகிராமே வைத்திருக்கும் பாட் அது. ஒரே பெயரில் போலிகளும் வரும். நீல டிக் உள்ளதை மட்டும் திறங்கள். /நியூபாட் என்று அனுப்பினால் முதலில் பெயரைக் கேட்கும். அதைத் தமிழில் தரலாம். அடுத்துக் கேட்பது யூசர்நேம். அதில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும். கடைசி மூன்று எழுத்து பாட் என்று முடிய வேண்டும்.

முடிந்ததும் டோக்கன் ஒன்று வரும்: சில எண்கள், ஒரு முக்காற்புள்ளி, பிறகு நீளமான எழுத்துக் கலவை. இது பாட்டின் வீட்டுச் சாவி. கையில் கிடைத்தவர் உங்கள் பாட்டின் பெயரில் வாடிக்கையாளர்களுக்கு என்ன வேண்டுமானாலும் அனுப்பலாம். ஸ்கிரீன்ஷாட்டில், நிரலுக்குள், கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) எங்கேயும் அது இருக்கக் கூடாது. தவறிப்போய் கிட்ஹப்பில் ஏறிவிட்டால் கோப்பை அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் (முந்தைய சேமிப்பில்) அப்படியே கிடக்கும். பாட்ஃபாதரிடம் /ரிவோக் சொல்லிப் புது டோக்கன் வாங்குங்கள். பழையது அந்த நொடியே செத்துவிடும்.

3. நிரல் எழுதும் முன் பிரவுசரில் ஒரு சோதனை

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, பிழை டோக்கனிலா நிரலிலா என்று தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நிரல்கள் டெலிகிராமிடம் பேசும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். அதன் முகவரியை (ஏபிஐ.டெலிகிராம்.ஆர்க்) பிரவுசரில் அடியுங்கள். அதையடுத்து ஒரு சாய்கோடு, பிறகு பாட் என்ற மூன்று எழுத்து, அதோடு ஒட்டியபடியே டோக்கன், மறுபடி சாய்கோடு, கடைசியில் கெட்மீ. பாட் என்ற சொல்லுக்கும் டோக்கனுக்கும் நடுவே இடைவெளியோ சாய்கோடோ வரக் கூடாது. அந்தச் சொல்லை விட்டுவிட்டால் 404 வரும். டோக்கன் செல்லாததாக இருந்தால் 401 வரும். எல்லாம் சரியென்றால் உங்கள் பாட்டின் பெயர் திரையில் தெரியும்.

இப்போது போனில் உங்கள் பாட்டைத் திறந்து ஸ்டார்ட் அழுத்தி ‘வணக்கம்’ என்று அனுப்புங்கள். பிரவுசர் முகவரியில் கெட்மீ இருந்த இடத்தில் கெட்அப்டேட்ஸ் என்று மாற்றித் திறந்தால் அந்தச் செய்தி ஜேசன் வடிவில் (பைத்தான் டிக்‌ஷனரி போலவே இருக்கும்) நிற்கும். தமிழ் எழுத்துக்குப் பதில் பின்சாய்கோடும் எண்களுமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பைத்தான் அதைப் படித்ததும் தமிழாகிவிடும். இந்த ஜேசனை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். அப்டேட் ஐடி, அதற்குள் மெசேஜ், அதற்குள் அனுப்பியவர், சாட் ஐடி, டெக்ஸ்ட். நாம் எழுதப்போகும் நிரல் பெரும்பாலும் இந்த ஐந்தைத்தான் தொடும்.

சோதனை முடிந்ததும் பிரவுசர் வரலாற்றை அழித்துவிடுங்கள். டோக்கன் அதில் இருக்கிறது.

4. பைத்தானைத் தயார்செய்தல்

விண்டோஸில் பைத்தான் நிறுவும்போது, முதல் திரையின் அடியில் இருக்கும் ‘பாத்தில் சேர்’ என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். உபுண்டு, டெபியனின் புதிய பதிப்புகளில் லைப்ரரிகளை நிறுவித் தரும் பிப், நேரடியாக எதையும் நிறுவ விடாது. ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று மறுக்கும். அதை மீற வழி தேடாதீர்கள். வென்வ் மூலம் தனிச்சூழல் உருவாக்கி, அதற்குள் நிறுவுங்கள்.

முதல் பாட்டுக்கு என் பரிந்துரை: பெரிய லைப்ரரி வேண்டாம், இணைய முகவரிகளை அழைத்துப் பதில் வாங்கும் ரிக்வெஸ்ட்ஸ் ஒன்றே போதும். என்ன போகிறது, என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பைத்தான்-டெலிகிராம்-பாட் என்ற லைப்ரரி நல்லதுதான். ஆனால் அதன் 20ஆம் பதிப்பில் எல்லாமே அசிங்க் (ஒன்றுக்காகக் காத்திருக்கும்போதே மற்றதைச் செய்யும்) முறைக்கு மாறிவிட்டது; அதற்கு முன் எழுதிய பாடங்களும் வீடியோக்களும் இன்றும் தேடலில் வருகின்றன. ‘யூஸ் கான்டெக்ஸ்ட்’ என்ற சொல்லோடு பிழை வந்தால் பழைய பாடத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, வெறும் ‘டெலிகிராம்’ என்ற பெயரில் பிப்பில் கிடைப்பது வேறு சரக்கு. உங்கள் சொந்தக் கோப்புக்கும் டெலிகிராம் என்றோ ரிக்வெஸ்ட்ஸ் என்றோ பெயர் வைக்காதீர்கள். பைத்தான் லைப்ரரியை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இழுத்துக்கொண்டு, அதில் எதுவும் இல்லை என்று புலம்பும்.

5. செய்தி வாங்கும் சுழற்சி

முழு நிரலின் இதயம் ஒரு வைல் சுழற்சி. அது இந்த வரிசையில் ஓட வேண்டும்:

முதலில் கெட்அப்டேட்ஸை அழைக்கும். அதில் டைம்அவுட் 30 என்று கொடுத்தால், செய்தி இல்லாதபோது டெலிகிராம் 30 நொடி இணைப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். செய்தி வந்த கணமே பதில் தரும். ரிக்வெஸ்ட்ஸுக்கும் தனியாக ஒரு டைம்அவுட் உண்டு, அதை 40 என்று வையுங்கள். அதைக் கொடுக்காமல் விட்டால், வைஃபை ஒருமுறை அறுந்ததும் நிரல் பிழையும் காட்டாமல், வேலையும் செய்யாமல் நாள்கணக்கில் அப்படியே உறைந்து நிற்கலாம்.

அடுத்து, வந்த ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பதில் சொல்லும். பிறகு கடைசி அப்டேட் ஐடியோடு 1 கூட்டி, அடுத்த அழைப்பில் ஆஃப்செட்டாகக் கொடுக்கும். ‘இதுவரை வந்ததெல்லாம் பார்த்தாயிற்று’ என்று டெலிகிராமுக்குச் சொல்லும் ஒரே வழி இதுதான். ஆஃப்செட் கொடுக்க மறந்தால் ஒரே ‘வணக்கம்’ திரும்பத் திரும்ப வந்து, பாட் பதிலாகப் பொழிந்து தள்ளும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாரும் விழுவது. யாரோ ஸ்டிக்கர் அனுப்புகிறார். ஸ்டிக்கரில் டெக்ஸ்ட் என்ற புலமே இல்லை. நிரல் கீஎரர் கொடுத்து நிற்கிறது. மறுபடி இயக்குகிறீர்கள், ஆஃப்செட் நகரவில்லையாதலால் அதே ஸ்டிக்கர் முதலில் வருகிறது, மறுபடி நிற்கிறது. அந்த ஒரு ஸ்டிக்கர் மொத்த பாட்டையும் பூட்டிவிடும். இதற்கு இரண்டு மருந்து. புலங்களைச் சதுர அடைப்பில் எடுக்காமல் கெட் மூலம் எடுங்கள். அப்போது புலம் இல்லாவிட்டாலும் பிழை வராது, நன் என்ற வெற்று மதிப்புதான் கிடைக்கும். ஒவ்வொரு அப்டேட்டையும் தனித்தனி டிரை-எக்செப்டுக்குள் (பிழை வந்தாலும் நிரலை நிற்கவிடாத அமைப்பு) வையுங்கள். பிழை வந்தாலும் கோப்பில் குறித்துவிட்டு ஆஃப்செட்டை நகர்த்துங்கள். அனுப்பிய செய்தியைத் திருத்தினால் மெசேஜுக்குப் பதில் எடிட்டட் மெசேஜ் என்ற புலம் வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

பாட் ஓடாத நேரத்தில் வந்த செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம்வரை வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் போனதுதான்.

6. மூன்று கேள்வி உரையாடல்

பாட்டுக்கு நினைவு கிடையாது. ‘2’ என்று ஒரு செய்தி வந்தால் அது கேன் எண்ணிக்கையா, வீட்டு எண்ணா என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை நீங்கள்தான் குறித்து வைக்க வேண்டும். டிக்‌ஷனரியில் வைத்தால் நிரல் மறுதொடக்கத்தில் எல்லாம் அழியும். பைத்தானோடு கூடவே வரும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வையுங்கள். இரண்டு அட்டவணை போதும். ஒன்றில் யூசர் ஐடி, படி, இதுவரை சொன்ன பதில். மற்றதில் ஆர்டர்கள்.

எண்ணிக்கையைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். ‘ரெண்டு’ வரும், ‘2 போடுங்க’ வரும். ‘20 லிட்டர் கேன் 2’ என்று வந்தால், வரியில் முதலில் வரும் எண்ணை எடுக்கும் நிரல் 20 கேன் அனுப்பச் சொல்லிவிடும். (தமிழ் எண்ணான ‘௨’ வந்தால் மட்டும் கவலையில்லை, பைத்தானின் இன்ட் அதை 2 என்றே படிக்கும்.) 1, 2, 3, 4 என்று நான்கு பட்டன் கொடுத்துவிடுங்கள்.

செய்திக்கு அடியில் ஒட்டிவரும் இன்லைன் பட்டன்தான் இதற்குச் சரி. அதை அழுத்தினால் மெசேஜ் வராது, கால்பேக் க்வெரி என்ற வேறு வகை அப்டேட் வரும். அதற்கு ஆன்சர் கால்பேக் க்வெரி என்ற அழைப்பை அனுப்பியே ஆக வேண்டும். விட்டால் பட்டனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வாடிக்கையாளர் ‘வேலை செய்யல’ என்று மறுபடி மறுபடி அழுத்துவார். ஒவ்வோர் அழுத்தலும் ஓர் ஆர்டராகக்கூடும். அதனால் முதல் அழுத்தல் வந்ததுமே அந்தச் செய்தியைத் திருத்திப் பட்டன்களை எடுத்துவிடுங்கள். ஆர்டர் அட்டவணையில் அப்டேட் ஐடியைச் சேமித்து, ஒரே ஐடி இரண்டு முறை ஏறாதபடி யூனிக் என்று அறிவியுங்கள். ஆர்டர் எழுதி முடித்து, ஆஃப்செட் நகர்வதற்குள் கரண்ட் போய், அதே அப்டேட் திரும்ப வந்தாலும் இரண்டாவது ஆர்டர் விழாது.

பட்டனோடு மறைவாகப் போகும் தரவுக்கு 64 பைட் வரம்பு உண்டு. தமிழில் ஒரு குறியீடு யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். 21 குறியீட்டில் வரம்பு முடிந்துவிடும். பட்டனில் தெரியும் எழுத்து தமிழில் இருக்கட்டும், உள்ளே போகும் தரவு ஓர் ஆங்கில எழுத்தும் ஆர்டர் எண்ணுமாக இருக்கட்டும்.

வீட்டு எண்ணை எழுதச் சொல்லித்தான் ஆக வேண்டும். எழுதியதை அப்படியே திருப்பிக் காட்டி, ‘2 கேன், பி-204, ₹80. சரியா?’ என்று கேளுங்கள். இந்த வரியைத் தடித்த எழுத்தில் காட்ட ஆசைப்பட்டு மார்க்டவுன் இரண்டாம் பதிப்பைப் போட்டீர்களானால், ‘பி-204’இல் உள்ள சிறுகோடும் ‘₹80’க்குப் பின்னுள்ள புள்ளியும் சேர்ந்து காலை வாரும்: 400 பிழை, ‘கான்ட் பார்ஸ் என்டிட்டீஸ்’. பார்ஸ் மோடே இல்லாமல் வெறும் எழுத்தாக அனுப்புங்கள். தண்ணீர் கேனுக்குத் தடித்த எழுத்து எதற்கு?

போன் எண் தேவையென்றால், பகிர்வதற்கான பட்டன் கொடுக்கலாம். தனி அரட்டையில் மட்டுமே அது வேலை செய்யும். வந்த கான்டாக்டில் உள்ள யூசர் ஐடியும் அனுப்பியவர் ஐடியும் ஒன்றா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் எண்ணையும் அனுப்ப முடியும். பணம் வாங்குவதைத் தொடக்கத்தில் பாட்டிடம் விடாதீர்கள். யூபிஐ க்யூஆர் படத்தை மட்டும் அனுப்பட்டும். படத்தை ஒருமுறை ஏற்றியதும் ஒரு ஃபைல் ஐடி கிடைக்கும், அடுத்தடுத்து அந்த ஐடியை அனுப்பினால் போதும். ‘பணம் போட்டாச்சு’ என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பாட் ரசீது கொடுக்கக் கூடாது. வங்கிக் கணக்கைப் பார்த்துக் கடைக்காரர் உறுதி செய்யட்டும்.

7. தமிழ் எழுத்து படுத்தும் பாடு

பாட்டின் கட்டளைகள் தமிழில் இயங்காது. சாய்கோட்டுக்குப் பின் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே கட்டளையாகும். ‘/ஆர்டர்’ என்று தமிழில் அடித்தால் அது வெறும் செய்திதான். கட்டளையை ஆங்கிலத்தில் வைத்து, அதன் விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள்.

ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லைப் பிடிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ, பைத்தானின் ரீ தொகுதியில் தமிழைச் சிதைக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு வரும். கொம்பும் புள்ளியும் எழுத்தல்ல என்பது அதன் கணக்கு. இடைவெளியை வைத்து ஸ்ப்ளிட் செய்யுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொற்கள் உள்ளே வேறாக இருக்கலாம். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரும், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் வரும், கீபோர்டைப் பொறுத்தது. வந்ததும் யூனிகோட்டேட்டா தொகுதியின் என்எஃப்சி முறையில் சீராக்கிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். ‘ரத்து’ என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ‘கேன்சல்’, ‘வேண்டாம்’, ‘வேணாம்’, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் எல்லாம் வரும். ஒரு பட்டியலாக வைத்து, முதல் வாரம் வந்த செய்திகளைப் பார்த்து நிரப்புங்கள்.

விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். எக்செலில் சேமித்த சிஎஸ்வியில் முதல் தலைப்பு மட்டும் காணாமல்போனது போலத் தோன்றினால் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள்.

8. சர்வரில் ஏற்றுதல்

டோக்கனைச் சூழல் மாறியாக (நிரலுக்கு வெளியே, இயங்குதளத்தில் வைக்கும் மதிப்பு) வையுங்கள். லினக்ஸில் பின்னணி நிரல்களைக் கவனிக்கும் சிஸ்டம்டியில் நிரலைச் சேவையாகப் பதிவு செய்து, ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்று போட்டால் விழுந்தாலும் தானே எழுந்துகொள்ளும். வெறும் எஸ்எஸ்ஹெச்சில் (லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் நுழையும் இணைப்பு) இயக்கிவிட்டு லேப்டாப்பை மூடினால் பாட்டும் கூடவே தூங்கிவிடும்.

சர்வரில் இயங்கத் தொடங்கியதும் 409 கான்ஃப்ளிக்ட் வந்தால் லேப்டாப்பில் இன்னொரு நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு டோக்கனுக்கு ஒரே ஒரு கெட்அப்டேட்ஸ். முன்பு எப்போதாவது வெப்ஹூக் (செய்தி வந்ததும் டெலிகிராமே உங்கள் முகவரிக்கு அனுப்பும் முறை) அமைத்திருந்தாலும் இதே பிழை வரும், டெலிட் வெப்ஹூக் அழைத்தால் சரியாகும். இந்த அளவு வேலைக்கு வெப்ஹூக், டொமைன், சான்றிதழ் எதுவும் வேண்டாம்.

வாடகை சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசியில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நள்ளிரவு முதல் காலை 5.30 வரை வரும் ஆர்டர்கள் முந்தைய தேதியில் விழும். காலை டெலிவரிப் பட்டியலில் அந்த வீடுகள் இருக்காது. பைத்தானில் ஏசியா-கொல்கத்தா நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

9. கடைக்காரருக்குத் தகவல், குழு, அறிவிப்பு

பாட் யாருக்கும் தானாக முதல் செய்தி அனுப்ப முடியாது. கடைக்காரரும் ஒருமுறை ஸ்டார்ட் அழுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அனுப்பும்போது பிழைதான் வரும். பாட்டை பிளாக் செய்தவர்களுக்கு அனுப்பினாலும் 403 வரும். அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டெலிவரிப் பையன்கள் இருக்கும் குழுவில் சேர்ப்பதானால் மூன்று விஷயம். குழுவில் பாட் கட்டளைகளையும் தனக்கு வரும் பதில்களையும் மட்டுமே பார்க்கும். எல்லாவற்றையும் பார்க்க பாட்ஃபாதரின் /செட்பிரைவசியில் மாற்றி, குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்க்க வேண்டும். பின்னதைச் செய்யாமல் ‘மாத்தியும் வரலையே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். இரண்டு, குழுவில் கட்டளையின் வாலில் பாட்டின் யூசர்நேமும் ஒட்டி வரும், சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் பொருந்தாது. மூன்று, சாதாரணக் குழு சூப்பர் குழுவாக மாறும்போது அதன் ஐடியும் மாறிவிடும். நிரலில் பழைய ஐடியை எழுதி வைத்திருந்தால் தகவல் போகாது.

‘நாளை லோடு வராது’ என்று எல்லா வீட்டுக்கும் அனுப்பும்போது நொடிக்குச் சுமார் 30 செய்திக்கு மேல் போகக் கூடாது. ஒரே குழுவுக்கு நிமிடத்துக்கு 20தான். மீறினால் 429 வரும், எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே ரீட்ரை ஆஃப்டர் என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி இடைவெளி விட்டால் 300 வீட்டுக்கு அரை நிமிடம். அவசரமே இல்லை.

10. ‘வாட்ஸ்அப்பில் வேண்டும்’ என்றால்

கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அதிகாரபூர்வ வழி மெட்டாவின் கிளவுட் ஏபிஐ. மெட்டா பிசினஸ் கணக்கு வேண்டும், பாட்டுக்கென்றே தனி எண் வாங்கிவிடுவது நிம்மதி. நிறுவனச் சரிபார்ப்புக்குப் போனால் ஜிஎஸ்டி சான்றிதழ் போன்ற பதிவு ஆவணம் கேட்பார்கள். அதில் உள்ள பெயரும் கணக்கில் கொடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்வரைதான் விரும்பியதை அனுப்பலாம். அதற்கு மேல் முன் அனுமதி பெற்ற டெம்ப்ளேட் மட்டுமே. 2025 ஜூலை 1 முதல் டெம்ப்ளேட்டுகளுக்குச் செய்திவாரியாகக் கட்டணம். வாட்ஸ்அப் வெப்பை ஓட்டி ஏமாற்றும் இலவச லைப்ரரிகள் பக்கம் போகாதீர்கள். எண்ணையே தடை செய்துவிட்டால், வருடக்கணக்காக எல்லாரும் கேன் கேட்டு அழைக்கும் எண் போய்விடும்.

அந்த நாள் வரலாம் என்று தோன்றினால், டெலிகிராமிடம் பேசும் வரிகளை வாங்கு, அனுப்பு என்ற இரண்டு ஃபங்ஷனுக்குள் மட்டும் இப்போதே அடைத்து வையுங்கள். உரையாடலின் படிகளும் ஆர்டர் அட்டவணையும் அவற்றைத் தொடாமல் இருந்தால், மாற்ற வேண்டியது அந்த இரண்டு மட்டும்தான்.